முகவரி எவர் உடைமை?

கீழப்பாவூர் என்று உறைமேல் எழுதினால் மடல் அவ்வூரைச் சென்று சேர்கின்றது. அவ்வூர் நெல்லை மாவட்டத்தில் இருந்த காலத்தும் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாய் இயங்கத் தொடங்கிய பின்னும் சேர்கின்றது. மாவட்டப் பெயர் மாறியதால் அங்கு எவருடைய முகவரியும் மாண்டு போகவில்லை. என்னை? ஊர்ப்பெயர் அஞ்சல் துறையின் உடைமை அன்று. குளத்து நீர் பாய்ச்சி நெல் விளைத்த மக்கள் தாமே இட்டுத் தாமே வழங்கிவரும் பெயர் அது. அதனைப் படித்தறிந்து மடலைக் கொண்டு சேர்க்கும் பணியே அஞ்சல் துறைக்கு உரியது, பெயர் உரியதன்று.

மின்னஞ்சலில் இம்முறை தலைகீழாகிவிட்டது. ஊர்ப்பெயர் நிற்க வேண்டிய இடத்தில் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் நிற்கின்றது. ஒரு தமிழ்மன்றம் இருபதாண்டுகளாகத் தன் மடல்தாளிலும் இதழின் முகப்பிலும் அச்சிட்டு வந்த முகவரியாயினும், இணைப்பை வேண்டாவென்று விட்டபின் அது மன்றத்தின் கையில் இல்லை. ஆகலின், இணைப்பு நாளுக்கு நான்கு முறை அறுந்தாலும், முறையிட்டு முறையிட்டு ஓய்ந்தாலும், பலர் அப்பழைய நிறுவனத்தையே பற்றிக்கொண்டு கிடக்கின்றனர். அவர்களைக் கட்டிப் போட்டிருப்பது இணைப்பின் விரைவன்று. பழைய மடல்களும் பழைய முகவரியுமே. இதனைப் பொறுமை என்று புகழ்வதா, அடிமைத்தனம் என்று இகழ்வதா?

இணையம் தமிழ்நாட்டிற்கு வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும். 1995 ஆகசுட்டு 15ஆம் நாள் ‘விதேசச் சஞ்சார் நிகம்’ என்னும் நடுவணரசு நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. முதற்கட்ட நகரங்களுள் சென்னையும் ஒன்று. 2000 அக்டோபர் 1ஆம் நாள் ‘பாரதச் சஞ்சார் நிகம்’ தோன்றியது. அதில் மூன்று சொல், இதில் மூன்று சொல். ஆறனுள் ஒன்றேனும் தமிழன் நாவிற்கு உரியதா என்று தேடிப் பாருங்கள்! பெயர் கிடக்கட்டும். தொடக்கத்தில் மாணவர்க்கென அளித்த மலிவான இணைப்பில் ஆங்கில எழுத்து மட்டுமே திரையில் தோன்றும். தமிழன் தமிழனுக்கு எழுதிய மடலும் ஆங்கில எழுத்திலேயே போயிற்று. பின்னர்த் தமிழ் எழுத்துருக்கள் வந்தன. ஆளுக்கொரு குறியீட்டு முறையும் உடன் வந்தது. அனுப்பியவரிடம் தமிழாய் இருந்தது, பெற்றவரிடம் கோடும் புள்ளியுமாய்ச் சிதறியது. தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அதற்குள், 2002ஆம் ஆண்டிலேயே, முதல் நிறுவனம் டாட்டா குழுமத்தின் கைக்குப் போய்விட்டது.

எஞ்சி நிற்பது பி.எசு.என்.எல். என்று மக்கள் அழைக்கும் இரண்டாவது நிறுவனம். இது மூப்பெய்தியது இயற்கையால் அன்று. மூப்பு இதன்மேல் ஏற்றப்பட்டது. தனியார் 2012 முதலே நான்காம் தலைமுறை இணைப்பைக் கொடுக்கத் தொடங்கினர். 2016 செப்டம்பரில் சியோ புகுந்து களத்தையே தனதாக்கிக்கொண்டது. நடுவணரசோ தன் சொந்த நிறுவனத்திற்கு அந்த அலைவரிசையை ஒதுக்க முடிவெடுத்தது 2019 அக்டோபரில். கருவிகள் வாங்குவதற்கான விலைப்புள்ளி 2020இல் கைவிடப்பட்டது. உள்நாட்டுக் கருவிகளைக் கொண்ட நான்காம் தலைமுறை இணைப்பு நாடளாவிய அளவில் தொடங்கப்பெற்றது 2025 செப்டம்பர் 27ஆம் நாள். உள்நாட்டுக் கருவி வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால், அக்கம்பக்கத்து வயல்களெல்லாம் அறுவடை முடிந்த பின்னர் நாற்றுப் பாவுகின்றவனுக்கு எந்தப் பட்டத்தில் விளையும்?

அதனினும் பெரிய இழப்பு ஆள் இழப்பு. 2020 சனவரி 31ஆம் நாள், விருப்ப ஓய்வு என்னும் பெயரில் ஏறத்தாழ 78,000 பணியாளர் ஒரே நாளில் வெளியேறினர். இருந்தவர்களுள் அது பாதியளவு. ஐம்பது அகவை எட்டியவர்க்கே அத்திட்டம். அஃதாவது, எந்தக் கம்பத்திலிருந்து எந்தத் தெருவிற்குக் கம்பி போகின்றது, எந்தப் பெட்டியில் மழைநீர் இறங்கும் என்பதையெல்லாம் ஏடு பாராமல் சொல்லத்தக்கவர்கள் போயினர். செம்புக் கம்பியின் இயல்பறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். இணைப்பகத்திலிருந்து தொலைவு கூடக்கூடக் குறிப்பலை மெலியும். கம்பிகளை முடிந்த இடத்தில் ஈரம் புகுந்தால் பேச்சில் இரைச்சல் எழும். இணையம் அறுந்தறுந்து வரும். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலச் சாரல் நாள்முழுதும் தூறிக்கொண்டிருக்கும் தென்காசிப் பக்கத்தில் இக்கம்பிகளைக் காக்க ஆள் வேண்டாவா? ஒளியிழைக்கு மாறினாலும் அறுந்த இழையை ஒட்டவைக்க ஆள் வேண்டுமே. 2022இல் 1.64 இலக்கம் கோடி உருபாவிற்கு மீட்புத் திட்டம் அறிவித்த தில்லிக்கு, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வரும் ஒருவரின் அருமை தெரியவில்லை.

அப்படியாயின் தனியாரிடம் ஓடுவதா? தமிழ்நாட்டில் வளர்ந்த ஏர்செல் 2018 பிப்பிரவரியில் வீழ்ந்ததை மறந்துவிட முடியாது. கைப்பேசிகள் திடீரென ஊமையாயின. மக்கள் வேறு நிறுவனங்களின் கடைவாயில்களில் வரிசையில் நின்றனர். அன்று அவர்களைக் காத்தது ஒரு சட்டம். நிறுவனத்தை மாற்றினாலும் கைப்பேசி எண்ணை மாற்ற வேண்டுவதில்லை என்னும் உரிமை 2011 சனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறையில் இருந்தது. நிறுவனம் செத்தது, எண் பிழைத்தது. மின்னஞ்சல் முகவரிக்கு அத்தகைய உரிமை இன்றுவரை இல்லை.

கூகுள் முகவரிக்கு மாறிவிட்டோம் என்று மகிழ்வோர் குடிக்கூலி வீட்டை மாற்றினரேயன்றிச் சொந்த வீடு கட்டினார் அல்லர். ஈராண்டு திறவாதிருக்கும் கணக்குகளை 2023 திசம்பர் முதல் அந்நிறுவனம் அழித்து வருகின்றது. தந்தை மறைந்தார், கடவுச்சொல் பிள்ளைகளுக்குத் தெரியாது, இரண்டு பொங்கல் கழிந்தால் அவர் எழுதியதும் அவர்க்கு வந்ததும் போயின. யாகூ நிறுவனத்தின் கட்டணமில்லா வலைமனைகளில் தமிழர் எழுதிக் குவித்தவை 2009 அக்டோபரில் மூடுண்டன. அதன் குழுமங்கள் 2020 திசம்பரில் மூடுண்டன.

இவை சிறிய இழப்புகளா? இற்றைத் தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்தவர் மொழிஞாயிறு பாவாணர். அவர்தம் கைப்பட எழுதிய மடல்கள் புலவர் இரா. இளங்குமரனாரால் தொகுக்கப்பெற்று நூலாயின. அவர் பட்ட வறுமையும், அகரமுதலிப் பணிக்கென அவர் கொண்ட ஏக்கமும் அவர் சொல்லாகவே நமக்குக் கிடைப்பது அம்மடல்களால். குற்றாலத்தில் வாழ்ந்த டி.கே. சிதம்பரநாதரின் மடல்களும் நூலாகியுள்ளன. அவர் தனித்தமிழ் நெறியினர் அல்லர். எனினும் அவை தமிழுரைநடைக்குச் செல்வம் என்பதில் ஐயமில்லை. பெற்றவர்கள் பெட்டியில் வைத்துக் காத்தனர். நீ முத்திரை வாங்குவதை நிறுத்திவிட்டாய், ஆகவே பழைய மடல்களைத் திருப்பிக் கொடு என்று அஞ்சல் துறை அவர்கள் வீட்டு வாயிலில் வந்து நிற்கவில்லை.

அஞ்சல் என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டார் ‘தபால்’ என்று எழுதிக்கொண்டிருந்த நாளில், திருவிதாங்கூர் அரசு தன் மடற்போக்குவரத்திற்கு அஞ்சல் என்றே பெயரிட்டு, 1951இல் அது இந்திய அஞ்சல் துறையுடன் இணைக்கப்படும் வரை நடத்திவந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் நம்மொடு சேர்ந்த செங்கோட்டை அவ்வரசின் நிலமாக இருந்ததே. அத்துணைச் சிறிய அரசு தன் மக்களின் மடலைத் தானே சுமந்தது. 12,525 ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுசெல்லும் திட்டத்தைக் கையில் வைத்திருக்கும் தமிழ்நாட்டரசிற்கு அஃது இயலாததா? அறிவாற்றலுக்கும் பஞ்சமில்லை. கீழப்பாவூருக்கு அண்மையில் மத்தளம்பாறையில் சோகோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகின்றது. நடுவணரசுப் பணியாளர் ஏறத்தாழ 12 இலக்கம் பேரின் மின்னஞ்சல் அந்நிறுவனத்தின் அமைப்பிற்கு மாற்றப்பட்டதாக 2025இல் செய்தி வந்தது. தில்லியின் மடல்களைச் சுமக்கும் திறம் தென்காசி மலையடிவாரத்தில் இருக்கின்றது. தமிழனின் மடலைத் தமிழ்ப்பெயரில் சுமக்கத்தான் ஆளில்லை!

வேண்டுவன மிகையல்ல. வீடு மாறினோர்க்கு மடலைப் புதிய முகவரிக்குத் திருப்பி விடும் வழக்கம் அஞ்சலகத்தில் நெடுங்காலமாய் உண்டு. இணைய நிறுவனத்தை விட்டு விலகுவோர்க்கும் ஓராண்டேனும் அவ்வாறு செய்தல் வேண்டும் என்றும், சேர்ந்துள்ள மடல்களை முழுமையாய் எடுத்துச் செல்ல விடுதல் வேண்டும் என்றும் நடுவணரசு சட்டம் இயற்றுக. தமிழமைப்புகள் அதுவரை காத்திராமல் தமக்கெனத் தனிப்பெயர் ஒன்றைப் பதிந்து, முகவரியை அதன்மேல் அமைத்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கு ஓராயிரம் உருபாவை ஒட்டிய செலவுதான். நிறுவனம் மாறினாலும் பெயர் கூடவே வரும்.

அப்பெயரின் ஈறும் தமிழாய் இருத்தல் வேண்டும். ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்னும் ஈறுகள் தமிழெழுத்தில் உள்ளன. ‘.தமிழ்’ என்பதுதான் இல்லை. தனியரசு இல்லாத கத்தலோனிய மக்கள் தம் மொழிக்கென ஓர் ஈற்றிற்கு 2005இலேயே ஒப்புதல் பெற்றனர். இணையப் பெயர்களை ஆளும் ஐக்கான் அமைப்பு 2012இல் புதிய ஈறுகளுக்கு விண்ணப்பம் வாங்கியபோது கட்டணம் 1,85,000 அமெரிக்க டாலர். பாசுக்கு, கலீசிய, பிரெத்தானிய மக்களின் அமைப்புகள் அதனைக் கட்டித் தத்தம் ஈற்றைப் பெற்றன. தமிழ்நாட்டரசு கேட்கவே இல்லை. 2026 ஏப்பிரல் இறுதியில் மீண்டும் விண்ணப்பம் வாங்குவதாகவும் கட்டணம் 2,27,000 டாலர் என்றும் அவ்வமைப்பு அறிவித்தது. ஏறத்தாழ இரண்டு கோடி உருபா; கோட்டையில் இருப்போர் ஒரு விழாவின் பந்தலுக்கும் விளக்கிற்கும் கொட்டும் தொகை. ‘.தமிழ்’ என்னும் ஈற்றைக் கேட்டு எழுத வேண்டியது தமிழ் வளர்ச்சித் துறையா, தகவல் தொழில்நுட்பத் துறையா என்பதை அவர்கள் முதலில் முடிவு செய்வாராக.