நின்று போன கணினியும் நிலை குலையாத பையனும்

சென்ற மாதம் எட்டியாந்தோட்டைப் பகுதியிலுள்ள றப்பர்த் தோட்டமொன்றில், நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தாரைக் காணச் சென்றிருந்தோம். விருந்துக்குச் சென்ற இடத்தில் ஒரு விசாரணையே நடந்துகொண்டிருந்தது. குற்றவாளியாய் நின்றவன் அவ்வீட்டு மூத்த மகன். குற்றம், ஓர் இலட்சம் ரூபாயைப் பாழாக்கியது!

நடந்தது இதுதான். தங்கை உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்கிறாள். அவளுக்கு ஒரு கணினி அவசியமாயிற்று. புதிதாய் முழுக் கணினி வாங்க வசதியில்லாமையால், கொழும்பில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வந்து, லயத்து அறையிலேயே பூட்டினான் அண்ணன். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, வீடே மகிழ்ந்தது. ஆனால், வின்டோஸை நிறுவத் தொடங்கியதும் பாதி வழியில் திரை அசைவற்று உறைந்துவிட்டது. மறுபடி தொடங்கினான், மறுபடியும் நின்றது. என் செய்வான், பாவம்!

2024 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் ஓர் இலட்சமென்பது ஏறத்தாழ 74 நாள் உழைப்பு. தந்தை சினந்ததில் வியப்பில்லை. கடைக்காரரோ, “தம்பி, நீங்கள் பூட்டியதில்தான் பிழை” என்று தொலைபேசியிலேயே தீர்ப்பளித்துவிட்டார்.

அப்போது, இருபதாண்டுகளாகப் பால்வெட்டும் அத்தாயார் வாய் திறந்தார். “மரத்துல பால் கொறஞ்சா மரத்தையா வெட்டிப் போடுறோம்? வெட்டின கோட்டப் பாக்கணும், தகரத்தப் பாக்கணும், செரட்டயப் பாக்கணும். ஒண்ணொண்ணாப் பாருப்பா.”

இதனினும் சிறந்த பொறியியல் பாடம் உண்டோ? நாமும் பையனுடன் அமர்ந்தோம்.

முதலிற் கவனிக்க வேண்டியது, கணினி எங்கே நிற்கிறது என்பது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், பெரும்பாலும் நிறுவற் கோப்புகளைக் கொண்ட பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ பழுதிருக்கும். பென் டிரைவைப் புதிதாய் ஆக்கிப் பார்க்கலாம். இடம் மாறி மாறி நின்றால், நினைவகம், சூடு, மின்சாரம் ஆகிய மூன்றின்மீதும் ஐயங்கொள்ள வேண்டும். பையன் ஒரு கொப்பியில் குறித்தான். ஒரு முறை 18 சதவீதத்தில் நின்றது, அடுத்து 41இல், பின்னர் தொடக்கத்திலேயே.

அடுத்து, வின்டோஸுக்குச் செல்லாமல் ‘பயோஸ்’ திரையிலேயே கணினியை அரைமணி நேரம் விட்டு வைத்தோம். அங்கே வெப்பநிலை தெரியும். குளிர்விப்பானின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டிச் சூடேற விடுவோர் பலருளர்; இவன் உரித்திருந்தான். சூடு அளவோடுதான் இருந்தது. நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும் அமைப்பு ஏதேனும் இருப்பின் அதுவும் உறைவுக்குக் காரணமாகலாம் என்பதால், யாவற்றையும் பழைய இயல்நிலைக்குத் திருப்பினோம். பயனில்லை.

பின்னர் மின்னிணைப்பைக் கழற்றி, உடலிலுள்ள நிலைமின் நீங்கும்படி இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டு, ‘ராம்’ எனப்படும் நினைவகத் தகடுகள் இரண்டையும் எடுத்தோம். ஒன்றை மட்டும் பொருத்தி, 1994 இல் கிறிஸ் பிரேடி என்பவர் ஆக்கிய மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலை ஓடவிட்டோம். வின்டோஸ் இல்லாமலே பென் டிரைவிலிருந்து இயங்குவது அது. முதற்றகடு குறையின்றித் தேறிற்று. அதே துளையில் இரண்டாவதைப் பொருத்தியதும் திரையெங்கும் செந்நிற வரிகள்! துளை மாறவில்லை, தகடுதான் மாறியது. ஆகவே பிழை தகட்டினுடையது, பூட்டியவனுடையதன்று.

நல்ல தகடொன்றை மட்டும் வைத்து அன்றிரவே வின்டோஸ் நிறுவப்பட்டது. மறுவாரம் கொப்பியையும் திரையின் படத்தையும் எடுத்துக்கொண்டு பையன் கொழும்பு சென்றான். கடைக்காரர் தாமும் சோதித்துப் பார்த்து, உத்தரவாதத்தின்படி வேறு தகடு தந்தாராம். லயத்துப் பையனின் சொல்லை ஏற்காதவர், கொப்பியிலுள்ள குறிப்பை மறுக்க இயலவில்லை.

இல்லத்தார்க்கு ஒரு சொல். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணமானாலும் காரணம் தெரியாது. சித்திரை மாதத்துப் பிற்பகல் இடியைச் சப்ரகமுவ மக்கள் நன்கறிவர். வானம் கறுக்கும்போதே கணினியின் மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

இயந்திரம் நின்றதும் பிள்ளையைக் குற்றஞ்சாட்டுதல் எளிது. ஆனால், பழுதான தகட்டை மாற்றிவிடலாம். தன் கைத்திறனில் நம்பிக்கை இழந்த பிள்ளைக்கு அதனை எந்தக் கடையில் வாங்கித் தருவோம்? அன்றிரவு தந்தை ஒன்றும் பேசவில்லை. தேநீர்க் கோப்பையொன்றைக் கொண்டுவந்து மகனருகே வைத்துவிட்டுப் போனார். விசாரணை அத்துடன் முடிந்தது.