புளிப்பு வேறு, போதை வேறு



நம் மத்ரஸாவில் ஓதி, மணமுடித்துத் துருக்கி நாட்டின் பூர்ஸா நகரில் கணவருடன் வாழும் மாணவி ஒருவரின் மடல் சென்ற மாதம் வந்தது. "ஹஜ்ரத், பெரும்பிழை செய்துவிட்டேனோ என்று உள்ளம் உறுத்துகிறது" என்று தொடங்கியிருந்தார்.

அங்கே இப்போது இலையுதிர்காலம். அடுத்த வீட்டு மூதாட்டி, தம் கொல்லையில் பயிரிட்ட காய்களை உப்பு நீரில் ஊறவைத்து ஒரு கண்ணாடிச் சாடி நிறையக் கொடுத்திருக்கிறார். மறுநாள் மூடியைத் திறந்தால் நுரையும் குமிழியுமாக இருந்ததாம். மதுவாக மாறிவிட்டதோ என்று அஞ்சிய மாணவி, அதனை ஓசையின்றிக் கொட்டிவிட்டார். காலிச் சாடியைக் கண்ட மூதாட்டியோ, "அதற்குள் தீர்ந்துவிட்டதா!" என்று மகிழ்ந்து மற்றொரு சாடியைக் கொண்டுவந்துவிட்டாராம். "இதை நான் என்ன செய்வேன்?" என்பதே மடலின் கேள்வி.

அம்மண்ணின் வழக்கத்தை முதலில் அறிந்துகொள்வோம். குளிர்காலம் நெருங்குமுன் முட்டைக்கோஸ், வெள்ளரி, மிளகாய், காரட் ஆகியவற்றைப் பறித்துச் சேமிப்பார்கள். உறைபனிக்கு அஞ்சி, பழுக்காத பச்சைத் தக்காளியையும் விடமாட்டார்கள். இவற்றை ஊறவைப்பதற்குத் துர்ஷு என்று பெயர். பூர்ஸாவுக்கு அண்மையிலுள்ள கெதெலெக் என்னும் ஊர் இதற்கே புகழ்பெற்றது. தயிர், மாவு, தக்காளி, வெங்காயம் கலந்து பிசைந்து, பல நாள் புளிக்கவிட்டு, உலர்த்திப் பொடியாக்கும் 'தர்ஹானா' குளிர்நாளின் சூப்புக்கு உதவும். கொல்லையில் விளைந்த ஒரு காயும் வீணாவதில்லை.

நுரை எங்கிருந்து வந்தது? காய்களின் தோலிலேயே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அழுகச் செய்பவற்றை உப்பு அடக்கிவிடும். உப்பைத் தாங்குபவை காயிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும். அப்போது வெளிவரும் கரியமில வாயுவே அந்தக் குமிழி. நம் வீட்டுத் தயிர் புளிப்பதும், இட்லி மாவு இரவில் பொங்குவதும் இவ்வினத்து நுண்ணுயிர்களால்தாம். இட்லி மாவைக் கண்டு நாம் அஞ்சுவதுண்டா?

மார்க்கம் தடுத்தது போதையை, புளிப்பை அன்று. உலர்திராட்சையை நீரில் ஊறவைத்த 'நபீத்' என்னும் பானத்தை நபி (ஸல்) அவர்கள் மூன்று நாள் வரை அருந்தியதாகவும், அதற்குமேல் எஞ்சியதைக் கொட்டச் சொன்னதாகவும் ஹதீஸில் காண்கிறோம். காடியை, அதாவது வினிகரை, நல்லதொரு தொடுகறி என்று அவர்கள் புகழ்ந்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மது தானாகவே காடியாக மாறினால் அது தூய்மையானது என்பதில் ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. உப்பில் ஊறிய காயோ, எவ்வளவு உண்டாலும் மயக்கம் தராது. ஆகவே ஐயம் வேண்டாம்.

செய்து பார்க்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 60 கிராம் கல்லுப்பு போதும். கழுவிய காய்களோடு பூண்டையும், துருக்கியர் வழக்கப்படி சிறிது கொண்டைக்கடலையையும் இடலாம். காய்கள் நீருக்குமேல் தலைநீட்டாதபடி பாரம் வையுங்கள். மூடியை அவ்வப்போது தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். அங்கே சில வாரங்கள் ஆவது நம் வெப்பத்தில் விரைவில் புளித்துவிடும். பூஞ்சணம் படர்ந்தாலோ அழுகல் நாற்றம் வீசினாலோ தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

மாணவிக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "மகளே, சாடியைக் கொட்டியது பேணுதலால் என்பதை அறிவேன். ஆனால் அறியாத ஒன்றைக் கொட்டுமுன் கேட்டறிவதும் பேணுதலே. அண்டை வீட்டார் அன்போடு தந்த பொருள் அது. உண்மையைச் சொல்லிவிடு."

இம்மாதம் மறுமடல் வந்தது. உண்மையைக் கேட்ட மூதாட்டி முதலில் முகம் வாடினாராம். பிறகு வாய்விட்டுச் சிரித்து, மாணவியின் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துச் சென்றாராம். எஞ்சிய பச்சைத் தக்காளியை இருவரும் பறித்து, சேர்ந்தே ஒரு சாடி போட்டிருக்கிறார்கள். வரும் வசந்தத்தில் அக்கொல்லையில் ஒரு பாத்தி நம் மாணவிக்காம்!

உங்கள் அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரம் ஏதேனும் இன்னும் திருப்பித் தரப்படாமல் இருக்கிறதா? இருந்தால், வெறுங்கலமாக அனுப்பாதீர்கள். வஸ்ஸலாம்.