அரிசி மூட்டைக்கு உள்ள அக்கறை மார்க் ஷீட்டுக்கு இல்லையா?

ஐப்பசி பிறந்ததும் சைதாப்பேட்டை மளிகைக் கடைக்காரர் ஒரு வேலை செய்வார். தரையில் கிடக்கும் அரிசி மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றுவார். கணக்கு நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரண் மேல் வைப்பார். கடன் பாக்கிப் பட்டியலில் ஒரு நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பி விடுவார்.

"என்ன அண்ணாச்சி, வானம் வெளுத்துக் கிடக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

"தண்ணி வந்த பொறவு தூக்கினா அது அரிசியா இருக்காது தம்பி, கஞ்சியாத்தான் இருக்கும்!" என்பார்.

அண்ணாச்சி எந்தப் பட்டமும் வாங்கியவர் அல்ல. ஆனால், பட்டம் கொடுக்கிற இடங்கள் அவரிடம் ஒரு பாடம் படிக்க வேண்டி இருக்கிறது.

8 ஆண்டில் 4 அடி

2015-ம் ஆண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கியது. அடையாறு கரை புரண்டது. கரண்டு இல்லை. போன் இல்லை. விமான நிலையத்தையே மூடினார்கள். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப் போயின.

அடுத்த ஆண்டு, 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல். மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல பகுதிகள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன.

2020 மார்ச்சு மாதம் கொரோனா. இந்த முறை கட்டிடம் நனையவில்லை. மேஜை, நாற்காலி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. உள்ளே போகத்தான் ஆள் இல்லை! இறுதி ஆண்டுத் தேர்வு உண்டா, இல்லையா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தேர்வு இல்லாமல் பட்டம் கொடுக்கக் கூடாது என்ற தீர்ப்பு ஆகஸ்டு 28-ந் தேதிதான் வந்தது. அதுவரை மாணவனும் பெற்றோரும் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயல். மறுபடியும் வெள்ளம். மறுபடியும் தேர்வு தள்ளிவைப்பு.

"இதெல்லாம் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 8 ஆண்டில் 4 அடி விழுந்திருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கல்லூரிகளின் அரையாண்டுப் பருவத் தேர்வு நவம்பர், டிசம்பரில் நடக்கிறது. மழையும் பரீட்சையும் ஒரே பஸ்சில்தான் ஊருக்கு வருகின்றன! இது ஆண்டுதோறும் காலண்டரில் தெரிகிற சங்கதி.

யாருக்கு அடி?

தேர்வு 10 நாள் தள்ளினால் விடைத்தாள் திருத்துவது தள்ளும். திருத்துவது தள்ளினால் ரிசல்ட் தள்ளும். ரிசல்ட் தள்ளினால் தற்காலிகச் சான்றிதழ் தள்ளும். அது கையில் இல்லாமல் வேலைக்குச் சேர முடியாது. மேல்படிப்புக்கும் மனு போட முடியாது.

துணைவேந்தருக்குச் சம்பளம் நிற்பதில்லை. அதிகாரிகளுக்கும் நிற்பதில்லை. வீட்டிலேயே முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பையனுக்குத்தான் வந்த வேலை போகிறது. நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த தாய்க்கு வட்டி ஏறுகிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2015 வெள்ளத்தில் வீடு வீடாகச் சான்றிதழ்கள் நனைந்து கூழாயின. கட்டணம் இல்லாமல் நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம் நடத்தியது. நல்ல காரியம். ஆனால், அந்த நகலை எதைப் பார்த்துக் கொடுப்பது? பல்கலைக்கழகத்தின் பதிவேட்டைப் பார்த்துத்தானே? அந்தப் பதிவேடே நனைந்து போயிருந்தால்?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் பிறந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 1978-ல் பிறந்தது. இப்படிப்பட்ட இடங்களில் 40 வருடத்துக்கு முன் படித்தவரும் ஒரு நாள் வந்து நிற்பார். "என் பட்டம் நிஜந்தான்னு எழுதிக் கொடுங்க" என்பார். அவர் வாழ்க்கையின் சாட்சி அந்த அலமாரியில் இருக்கிறது.

பெயர் பெரிது, வேலை சின்னது

அண்ணாச்சி செய்கிற வேலைக்குப் பெரிய இடங்களில் ஒரு பெரிய பெயர் இருக்கிறது. 'பிசினஸ் கன்டினியூட்டி பிளானிங்'. வேலை நிற்காமல் தொடர்வதற்கான திட்டம் என்று சொல்லலாம். உலகம் முழுவதற்கும் இதற்கென்று ஒரு தரவிதியே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 22301 என்று அதற்குப் பெயர். 2012-ல் வந்தது.

வெள்ளத்தில் ஆட்களைக் காப்பாற்றுவது வேறு வேலை. அது எப்போதும் முதல் வேலை. ஆட்கள் கரை ஏறிய பிறகு, நாளைக் காலையில் எந்த வேலையை, எங்கே, யாரை வைத்து, எதைக் கொண்டு தொடங்குவது? அதைச் சொல்வதுதான் இந்தத் திட்டம்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு என்ன தெரியுமா? சுற்றறிக்கை வரும். "கம்ப்யூட்டர் செக்‌ஷன் பாத்துக்குவாங்க" என்று தள்ளி விடுவார்கள். கம்ப்யூட்டர் செக்‌ஷன் வெளியில் இருந்து ஆலோசகரைக் கூப்பிடும். அவர் 200 பக்கத்துக்கு ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார். கையெழுத்து ஆகும். அலமாரிக்குப் போகும். அந்த அலமாரி தரைத்தளத்தில் இருக்கும்! வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அந்தப் புத்தகந்தான்.

மாஸ்ட்ரிக்ட் சொல்லும் பாடம்

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தில் ஒரு கதை உண்டு.

அங்கே மாஸ்ட்ரிக்ட் நகரில் ஒரு பல்கலைக்கழகம். 2019 டிசம்பர் 23-ந் தேதி, கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு, அதன் 267 சர்வர்களைத் திருடர்கள் பூட்டி விட்டார்கள். அக்டோபரில் வந்த ஒரு பொய் இ-மெயிலை யாரோ திறந்ததில் அவர்கள் உள்ளே நுழைந்திருந்தார்கள்.

"நகல் இருக்கிறதே, எடுத்துப் போடலாமே" என்கிறீர்களா? சில முக்கியமான நகல்கள் அதே வலைப்பின்னலில்தான் இருந்தன. அவற்றையும் பூட்டி விட்டார்கள். சாவிக்கு மாற்றுச் சாவி செய்து, அதையும் அதே கொத்தில் மாட்டி வைத்த கதை!

கடைசியில் அந்தப் பல்கலைக்கழகம் 30 பிட்காயின் கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ. மாணவர்களின் படிப்பும் ஆராய்ச்சியும் கெட்டுவிடக் கூடாது என்றுதான் கொடுத்தார்கள். நடந்ததை மறைக்காமல் பிறகு ஊருக்கே விளக்கிச் சொன்னார்கள். அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும். ஆனால், ஒரு நகல் அந்தக் கொத்தில் மாட்டாமல் தனியாக இருந்திருந்தால்?

குமாஸ்தாவைக் கேளுங்கள்

சரி, எப்படிச் செய்வது?

முதலில், இதற்குத் தலைவர் பதிவாளர் நிலையில் இருக்க வேண்டும். அவர் சொன்னால்தான் நிதிப் பிரிவும், தேர்வுப் பிரிவும், விடுதியும் அசையும். அவருக்குக் கீழே இந்த வேலையை மட்டும் பார்க்க ஒரு முழு நேர அதிகாரி. மற்ற வேலையோடு இதையும் சேர்த்துப் பார் என்றால், இது பார்க்கப்படாது.

இரண்டாவது, ஒவ்வொரு செக்‌ஷனிலும் பழைய குமாஸ்தா ஒருவரை உட்கார வைத்து நான்கே கேள்வி கேட்க வேண்டும்.

உங்கள் வேலை நின்றால் முதலில் யாருக்கு அடி?

எத்தனை நாள் தாங்கும்?

கட்டிடம் இல்லை, கரண்டு இல்லை, பாதிப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் எப்படிச் செய்வீர்கள்?

உங்களை விட்டால் இந்த வேலை தெரிந்தவர் யார்?

கடைசிக் கேள்விதான் ஆளை மடக்கும். "அது அவருக்குத்தான் சார் தெரியும். அவர் லீவு" என்று பதில் வராத ஆபீசு உண்டா? அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பல்கலைக்கழகத்துக்கே காய்ச்சல்!

மூன்றாவது, பதில்களை வைத்து வரிசைப் படுத்த வேண்டும். எல்லாம் அவசரம் என்றால் எதுவும் அவசரம் இல்லை. விடுதிச் சாப்பாடு ஒரு வேளை கூடத் தாங்காது. சோதனைக்கூடத்துக் குளிர்பெட்டி கரண்டு போனால் சில மணி நேரந்தான் தாங்கும். சம்பளப் பட்டியல் 5-ந் தேதி என்றால் தாங்கும். 28-ந் தேதி என்றால் தாங்காது. அட்மிஷன் பிரிவுக்கு ஜூன், ஜூலை உயிர். தேர்வுப் பிரிவுக்கு நவம்பரும் ஏப்ரலும் உயிர். இந்தக் கணக்கு ஆலோசகருக்குத் தெரியாது. குமாஸ்தாவுக்குத் தெரியும்.

நான்காவது, ஒத்திகை. ஏப்ரலில் வேலையைத் தொடங்கினால் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மழைக்கு முன்பே, ஒத்திகை பார்த்து விடலாம். மெயின் சுவிட்சை அணையுங்கள். "இன்று தேர்வுப் பிரிவுக் கட்டிடத்தில் தண்ணீர்" என்று அறிவியுங்கள். மாலைக்குள் நகல் பதிவேட்டில் இருந்து ஒரே ஒரு மாணவனின் மார்க்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்து விட்டால் திட்டம் இருக்கிறது. முடியாவிட்டால் காகிதம்தான் இருக்கிறது.

பணம் இல்லையா?

"சம்பளத்துக்கே இழுபறி. காலிப் பணியிடம் வேறே. இதுக்கு எங்க போறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால், நான்கு கேள்வி கேட்கப் பணம் வேண்டாம். அலமாரியை முதல் மாடிக்கு ஏற்றப் பெரிய செலவு இல்லை. ஒருவர் வேலையை இன்னொருவர் படிக்கப் பட்ஜெட் வேண்டாம். பதிவேட்டின் நகலை வேறு ஊரில் வைப்பதற்குத்தான் செலவு உண்டு. மறுதேர்வு, மறு அச்சு, வழக்குச் செலவு இவற்றோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. போன மானத்துக்கு ரசீது கிடையாது!

ஆள் குறைவு என்பதும் இதைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. ஆள் குறைவாக இருக்கிற வீட்டில்தான் சாவி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்சிக்குழு அடுத்த முறை கூடும்போது ஒரு கேள்வி கேட்கட்டும். "இன்று ராத்திரி தண்ணீர் வந்தால், நாளை மறுநாள் ஒரு மாணவனுக்கு மார்க் ஷீட் கொடுக்க முடியுமா?"

"முடியும்" என்றால், எப்படி என்று செய்து காட்டட்டும். "பார்க்கலாம்" என்றால், சைதாப்பேட்டைக்கு ஒரு நடை போய் வரட்டும். அண்ணாச்சி மூட்டையை ஏற்றி முடித்திருப்பார்.