வாசலுக்கு வெளியே: இருட்டில் நாம் தெரிய வேண்டும்



மலையகத்தில் பொழுது சாய்வதற்கு நேரமே எடுப்பதில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் பள்ளத்தாக்கு கறுத்துவிடும். மழைக்காலத்தில் பகல் மூன்று நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கி, எதிரில் வருவது லொறியா, ஆட்டோவா, ஆளா என்று தெரியாமல் போகும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருகிறார்கள். கடை பூட்டிவிட்டு ஆண்கள் வீடு திரும்புகிறார்கள். கொழுந்து ஏற்றிய ட்ரக்டர் தொழிற்சாலைக்குப் போகிறது. விடியற்காலையும் இப்படித்தான். சுபஹ் தொழுகைக்குப் போகிறவர்களும், ஐந்தரை மணிக்கு ஸ்கூல் வேனுக்காகச் சந்தியில் நிற்கும் பிள்ளைகளும் இருட்டிலேயே வீதிக்கு வருகிறார்கள்.

வீதி விபத்து என்றதும் நமக்குப் பெரிய பஸ் விபத்துகள்தான் நினைவுக்கு வரும். 2023 ஜனவரி 20 ஆம் திகதி மாலை, நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலாப் பஸ் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து வேனிலும் ஆட்டோவிலும் மோதியது. ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11 ஆம் திகதி விடியுமுன் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவற்றுக்கு இருட்டை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. பிரேக், வேகம், களைப்பு, பாதையின் அமைப்பு என்று பலதும் உண்டு. அவற்றில் அநேகமானவை நம் கையில் இல்லை. ஆனால் பின்னால் வருகிறவன் நம்மைக் காண்கிறானா இல்லையா என்பது பெருமளவுக்கு நம் கையில்தான் இருக்கிறது. இந்த மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

*மெதுவாகப் போகும் வண்டிக்குத்தான் ஆபத்து*

நுவரெலியா நகரின் நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் கோல்ஃப் மைதானத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. உலகின் பல கோல்ஃப் மைதானங்களில் விளையாடுகிறவர்கள் ஏறிச் செல்லச் சிறு மின்வண்டிகள் உண்டு. அமெரிக்காவில் முதியோர் அதிகம் வாழும் சில ஊர்களில் அந்த வண்டியிலேயே கடைக்கும் போகத் தொடங்கினார்கள். மைதானத்துக்குள் ஓடியவரை பிரச்சினை இல்லை. வீதிக்கு வந்ததும், வேகமாக வரும் கார்களுக்கு முன்னால் அது ஆமை போல் ஆனது. 1998 இல் அந்நாட்டு அரசு, மணிக்கு 32 முதல் 40 கிலோமீற்றர் வரை ஓடக்கூடிய இத்தகைய சிறு வண்டிகள் பொது வீதிக்கு வருவதானால் முன் விளக்கு, பின் விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல், கண்ணாடி, சீட் பெல்ட், ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் எல்லாம் இருக்க வேண்டும் என்று விதித்தது.

நம் மலைப்பாதையில் அந்த இடத்தில் நிற்பது ஆட்டோ. பின்னால் மூன்று பேர், மடியில் பிள்ளை, காலடியில் மரக்கறிப் பை என்று ஏற்றிக்கொண்டு றம்பொடைப் பக்கமோ பொகவந்தலாவைப் பக்கமோ ஏற்றம் ஏறும்போது, அது ஓடுகிறதா நடக்கிறதா என்று தோன்றும். பின்னால் வரும் பஸ் 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்தாலே ஒரு விநாடிக்கு 11 மீற்றர் கடந்துவிடும். வளைவில் ஆட்டோ பழுதாகி நிற்கிறது, பஸ் சாரதி அதை 30 மீற்றர் தூரத்தில்தான் காண்கிறார் என்று வையுங்கள். அவருக்குக் கிடைப்பது மூன்று விநாடியும் இல்லை. கண்டு, புரிந்து, காலைப் பிரேக்கில் வைக்கவே அதில் பாதி போய்விடும். மிச்சத்தில் ஈரப் பாதையில் பஸ் நிற்க வேண்டும். அதே ஆட்டோவை 100 மீற்றரில் கண்டால் ஒன்பது விநாடி கிடைக்கும். ஒரு குடும்பம் வீடு வந்து சேர்வதும் சேராததும் இந்த ஆறு விநாடிக்குள் இருக்கிறது.

*ஆட்டோவில் ஏறுமுன் பாருங்கள்*

ஆட்டோவின் பின் விளக்குகள் சிறியவை. சக்கரம் அடிக்கும் சேறு மூடிக்கொண்டால் இருந்தும் இல்லாத கணக்குத்தான். பல வண்டிகளில் இரவு எரியும் விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளாக இருக்கும். ஒன்று எரிந்துபோனாலும் மற்றது எரிந்துகொண்டிருக்கும். ஆகவே "லைட் பத்துதே" என்று சாரதி சொல்வது உண்மையாக இருக்கலாம். பிரேக் பிடித்தால் மட்டும் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. முன்னால் ஒற்றை விளக்கு உள்ள பழைய வண்டியை எதிரில் வருகிறவன் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து, பக்கத்தில் இடமிருப்பதாக எண்ணிக்கொண்டு வருவான்.

நம் சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரர் நமக்கு அந்நியர் அல்ல. நம் பிள்ளையைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர். "தம்பி, ஒருக்கா பிரேக்கை மிதிங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்ப்பதில் வெட்கமில்லை. "பின்னுக்குக் கொஞ்சம் துடைச்சிட்டு எடுங்க தம்பி" என்றால் யாரும் கோபிக்கப் போவதுமில்லை. வண்டியின் பின்புறம் அகலத்தின் இரு ஓரங்களிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு ஓரத்திலும் இருந்தால்தான் வண்டி எவ்வளவு அகலம் என்று பின்னால் வருகிறவனுக்கு விளங்கும். பின்புறம் நீலமும் பச்சையுமாக மினுக்கும் அலங்கார விளக்கு இதற்கு ஈடாகாது. சிவப்பு என்றால் வண்டியின் பின்பக்கம் என்று எல்லாச் சாரதிகளுக்கும் பழக்கம். வேறு நிறம் மினுக்கினால் குழப்பமே மிஞ்சும்.

பனிமூட்டத்தில் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பதும் தவறு. அந்த வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுச் சாரதியின் கண்ணுக்கே திரும்பி வெள்ளைச் சுவர் போல் நிற்கும். தாழ்த்திய விளக்கும் குறைந்த வேகமுமே நல்லது.

வண்டி பழுதாகிவிட்டால் பாதையில் மரக்கிளையை ஒடித்துப் போடுவது நம் ஊர் வழக்கம். பகலில் அது உதவும், இரவில் பச்சை இலை கறுப்பாகவே தெரியும். அப்போது டோர்ச்சை எரியவிட்டு, வண்டிக்குச் சற்றுப் பின்னால், வளைவுக்கு முன்பே தெரியும்படி வைக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் வண்டிக்குள் இருக்காமல் இறங்கி, பாதையை விட்டு விலகி மேட்டுப்பக்கமாக நிற்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைப் பாதையிலேயே விட்டுப் போகிற வழக்கமும் உண்டு. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் தர்மம் என்று சிறுவயதில் மதரசாவில் படித்த நமக்கு, அந்தக் கல்லை யார் எடுக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

*நடக்கிறவர்களின் கணக்கு*

இருட்டில் நடக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தப்புக்கணக்குப் போடுகிறோம். தூரத்தில் வரும் வாகனத்தின் விளக்கு நமக்கு நன்றாகத் தெரிகிறது. ஆகவே அவனுக்கும் நம்மைத் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறோம். விளக்கு இருப்பது அவனிடம், இருட்டில் நிற்பது நாம். தாழ்த்திய ஹெட்லைட்டில் கறுத்த உடை உடுத்தவரை ஏறக்குறைய 30 மீற்றரில்தான் காண முடியும். வெளிர் உடை என்றால் அந்தத் தூரம் கூடும். ரிஃப்ளெக்டர் அணிந்தவரை 100 மீற்றருக்கு மேலும் காணலாம். சிவப்புச் சேலை பளிச்சென்று தெரியும் என்று நம்பிவிட வேண்டாம். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புத்தான்.

கறுப்பு அபாயா நம்மில் பலருக்கு வழக்கமான உடை. அதை மாற்றச் சொல்லவில்லை. இரவிலும் விடியற்காலையிலும் வீதிக்கு இறங்கும்போது அத்துடன் ஒரு சிறு பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன். கைப்பையின் வாரில் ஒரு ரிஃப்ளெக்டர் பட்டி, குடையின் ஓரத்தில் ஒரு துண்டு ஸ்டிக்கர் போதும். றமழானில் தராவீஹ் முடிந்து கூட்டமாக வருகையில், முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் டோர்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு வரலாம்.

சாதாரண வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியை நாலாபக்கமும் சிதறவிடும். ரிஃப்ளெக்டர் பட்டியிலோ கண்ணுக்குத் தெரியாத சிறு கண்ணாடி மணிகள், அல்லது மூலை மூலையாக மடித்த பிளாஸ்டிக் முகங்கள் இருக்கும். ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதைத் திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. ஆகவே ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் சாரதிக்கு அது விளக்குப் போல எரியும். பகலில் மினுங்கும் பச்சை மஞ்சள் சட்டை வேறு. அது சூரிய ஒளியில்தான் மினுங்கும். பட்டி இல்லாத அந்தச் சட்டையை நம்பி இரவில் நடக்கக் கூடாது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தோட்டத்து மூலையில் நிற்கச் சொல்லுங்கள். டோர்ச்சை இடுப்பில் அல்ல, உங்கள் கண்ணோரமாகப் பிடித்து அடியுங்கள். பையில் உள்ள பட்டி நல்லதானால் நெருப்புத்துண்டு போல் ஒளிரும். மங்கலாக இருந்தால் அது தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

பின்லாந்தில் குளிர்காலப் பகல் மிகக் குறுகியது. அங்கே ஆர்வி லேத்தி என்பவர் தம் குதிரை வண்டிகளில் கார்கள் மோதாமல் இருக்கப் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் செய்யத் தொடங்கினார். 1960களில் அது நடப்பவர்கள் சட்டையில் தொங்கவிடும் சிறு வில்லையாக மாறியது. இன்று இருட்டில் நடப்பவர் ரிஃப்ளெக்டர் அணிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மெதுவாகப் போகும் வண்டிக்கு வந்த யோசனை, வண்டியே இல்லாதவரையும் காத்தது.

*தாய்மார்களுக்குச் சில*

பாடசாலைப் பையின் முதுகில் மட்டும் ஒட்டினால் போதாது. எதிரில் வருகிறவனுக்கு அது தெரியாது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பட்டி இருந்தால் மிக நல்லது. கையும் காலும் அசைவதைக் கண்டதும், போவது கம்பமோ கல்லோ அல்ல, ஒரு மனிதப்பிள்ளை என்று சாரதியின் கண் உடனே கண்டுகொள்ளும்.

நடைபாதை இல்லாத வீதியில் வலப்பக்கமாக, வாகனத்தைப் பார்த்தபடி நடக்கப் பழக்குங்கள். வலப்பக்கம் ஒடுங்கிய வளைவானால், எதிரில் வருவது தெரியும் பக்கத்துக்கு வளைவுக்கு முன்பே மாறச் சொல்லுங்கள். வரிசையாக ஒருவர் பின் ஒருவராகப் போகட்டும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் இதைக் கவனிக்கலாம். வாசல் தூணிலும், வழியிலுள்ள மதகின் ஓரத்திலும் ஒரு பட்டி ஒட்டினால் இரவில் வருகிறவர்களுக்கு உதவும். டிசம்பர் முதல் மே வரை பாவா ஆதம் மலைக்கு இரவு முழுவதும் வாகனங்கள் ஹட்டன், மஸ்கெலியா வழியாகப் போகும். அந்தச் சாரதிகளில் பலருக்கு நம் வளைவுகள் பழக்கமில்லை. தோட்டத்து மக்களும் நாமும் நடப்பது ஒரே பாதையில்தான். ஆகவே பட்டி வாங்கும்போது பக்கத்து லயத்துப் பிள்ளைக்கும் சேர்த்து வாங்குங்கள்.

வாகன உதிரிப்பாகக் கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் பட்டியில் ஒரு துண்டு வாங்கினால் வீட்டிலுள்ள எல்லாப் பைகளுக்கும் போதும். வாப்பாவிடமோ மகனிடமோ சொல்லிவிட்டு மறந்துபோகாமல், இந்த வாரமே வாங்கி, கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்து ஒட்டிவிடுங்கள். பிள்ளை வீட்டுக்கு வரப் பிந்தும் ஒரு மழை நாளில், வாசலில் நின்று பார்த்திருக்கும் உங்கள் மனதுக்கு அது கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும்.