கடதாசியும் கைவண்ணமும்

மாதிரியை வைத்துச் செய்யும் வேலை கலையாகாது என்று கருதுவோர் நம்மிடையே பலர். கைப்பணி வகுப்புகளிலும் இக்கருத்து அடிக்கடி தலைகாட்டுகின்றது. நானும் நெடுங்காலம் இவ்வெண்ணமே கொண்டிருந்தேன். ஒட்டுத்துணிப் போர்வையிலே சித்திரம் அமைப்பதற்கு அமெரிக்கப் பெண்கள் கையாளும் முறையொன்றைப் பழகத் தொடங்கிய பின்னரே அது மாறிற்று.

அம்முறைக்கு வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று. இறைச்சியைப் பொதிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதற்கு அந்நாட்டார் வாங்கும் ஒருவகைக் கடதாசியே போதும். அதன் ஒரு புறத்திலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. பூச்சுப் புறத்தைத் துணியின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் உரிந்துவிடும். சித்திரத்தை முழு அளவில் இக்கடதாசியில் வரைந்து, துண்டுதோறும் இலக்கமிட்டு, இரு துண்டுகள் கூடும் கோடுகளின் குறுக்கே சிறு குறிகள் இட்டபின் வெட்டவேண்டும். வெட்டியவற்றைத் துணியின் பின்புறத்தில் ஒட்டி, சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டுத் துணியை நறுக்கி, குறிகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு வைத்துக் கடதாசியின் ஓரத்தையொட்டித் தைக்கவேண்டும்.

சொல்வது எளிது. நான் முதலில் அமைத்த உருவம் ஒரு கொக்கு. கடதாசி பின்புறத்தில் ஒட்டப்படுவதால் படம் இடம்வலம் மாறும் என்பதை மறந்தேன். வலப்புறம் நோக்கவேண்டிய கொக்கு இடப்புறம் நோக்கி நின்றது. அதனினும் பெரிய தவறு, கழுத்தின் வளைவை ஒரே துண்டாக வெட்டியது. உட்குழிந்த இடத்திலே துணி சுருங்கிக் கோணிற்று. கழுத்தை நான்காகப் பிரித்து, அதனைச் சூழ்ந்த வானத்தையும் அதே கோடுகளின் வழியே பிரித்துத் தைத்த பின்னரே அது சமனாகப் படிந்தது.

அப்பொழுதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. கொக்கு கொக்காகத் தோன்ற எத்தனை கோடுகள் போதும் என்ற வினாவை அந்தக் கடதாசி என்னிடம் எழுப்பியிருந்தது. இறகுகள் அனைத்தும் வேண்டியதில்லை. கழுத்தின் சாய்வும் அலகின் நீளமும் போதும். வேண்டாததை விடத் துணிவதன்றோ கலையின் முதற்பாடம்?

மாதிரியை மறுப்போர் ஹரியற் பவர்ஸ் என்ற அம்மையாரைச் சுட்டக்கூடும். 1837இல் ஜோர்ஜியா மாநிலத்திலே அடிமையாகப் பிறந்து 1910இல் மறைந்தவர் அவர். உருவங்களை வெட்டி அடித்துணியின்மேல் வைத்துத் தைப்பது அவர் முறை. விவிலியக் கதைகளோடு, 1833இல் எரிகற்கள் மழையெனப் பொழிந்த இரவையும் 15 கட்டங்கள் கொண்ட போர்வையொன்றிலே அவர் அமைத்தார். அது பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இருக்கின்றது. அதற்கு முன் செய்த வேறொரு போர்வைக்கு அவர் கேட்டது 10 டொலர். வறுமையினால் இசைந்து பெற்றது 5 டொலர். இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அரும்பொருள். எனினும் அவருடைய பெருமை, கையாண்ட முறையினால் வந்ததன்று. எந்நிகழ்ச்சியைச் சொல்வது, எதன் அருகே எதனை வைப்பது என்று தாமே துணிந்தமையால் வந்தது.

ஆதலின் மாதிரியைப் பழிப்பதில் பயனில்லை. அஞ்சவேண்டியது இரவல் மாதிரியையே. பிறர் வரைந்து இலக்கமிட்டு, நிறமும் குறித்து வைத்த படிவங்கள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. தையலைப் பழகுவதற்கு அத்தகையன ஒன்றிரண்டைச் செய்து பார்ப்பதில் தவறில்லை. அவற்றோடு நின்றுவிடுவோர்க்கு ஊசி பழகும், கண் பழகாது.

நம் ஆசிரியர்கள் ஆயத்தப் படத்தை மாணவர் கையிற் கொடுக்குமுன் அவர்களை வயற்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். கொக்கை முதலில் அவர்கள் பார்க்கட்டும். பார்த்ததைத் தாமே வரையட்டும். கழுத்துச் சற்றுக் கோணினாலும் குற்றமில்லை. தைத்து முடிந்ததும் கடதாசி உரிந்துபோகும். துணியிலே எஞ்சி நிற்பது, அக்கடதாசியில் எந்தக் கோட்டை வரைவது, எதனை விடுவது என்று பிள்ளை செய்த தீர்மானமே. அத்தீர்மானத்தைப் பிள்ளையிடமிருந்து நாம் பறித்துவிடலாகாது.