கல்லாப்பெட்டியும் கரும்பலகையும்

முக்கால் கிலோ கத்தரிக்காயும் ஒன்றரைக் கிலோ வெங்காயமும் வாங்கி, இருநூறு ரூபாயை நீட்டுங்கள். சந்தையில் நிற்கும் சிறுவன் காகிதமும் பென்சிலும் இல்லாமல் கணக்குப் போட்டு, மீதியைச் சரியாக எண்ணித் தருகிறான். அதே சிறுவனிடம் பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்கைக் கொடுத்தால் திருதிருவென்று விழிக்கிறான்.

இது கட்டுக்கதையல்ல. 2019-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் சோதித்துப் பார்த்து, 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட விஷயம். சந்தைக்கே போகாத பள்ளிப் பிள்ளைகளோ ஏட்டுக் கணக்கைப் போடுகிறார்கள். கடைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். (பிள்ளைகள் சந்தையில் நிற்பதை நாம் ஆதரிக்கவில்லை, அது வேறு வழக்கு.)

கணக்குத் தெரிந்த பிள்ளை ‘மக்கு’ என்று பெயர் வாங்கிக்கொண்டு படிப்பை விட்டால், அது யார் குற்றம்? பள்ளிக்கூடம் தன் பாஷையில் மட்டும் பேசுகிறது. கடைக்கும் வகுப்புக்கும் பாலமாகக் கூடிய மலிவான சாமான் ஒன்று உண்டு: சில்லறைக் காசு.

1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வரும் வரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓரணா வீசம், இரண்டணா அரைக்கால், நாலணா கால். மடியில் முடிந்த காசே பின்னத்தைச் சொல்லித் தந்தது. பிறகு 25 காசு தசமத்தைச் சொல்லித் தந்தது. அதுவும் 2011 ஜூன் 30-ல் செல்லாமற்போயிற்று. இப்போது செல்பேசியைக் காட்டினால் காரியம் முடிகிறது. மீதி எண்ணி வாங்கும் வேலையே பிள்ளைக்கு இல்லை.

ஒவ்வோர் ஆரம்ப வகுப்பிலும் ஐந்நூறு ரூபாய்ச் சில்லறை ஒரு டப்பாவில் இருக்கவேண்டும் என்பது நம் யோசனை. அட்டையில் அச்சடித்த பொய்க்காசு உதவாது. அதற்குக் கனமுமில்லை, மதிப்புமில்லை. தொலைந்துவிடுமே என்று தலைமை ஆசிரியர் அஞ்சலாம். காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்குவதே ஒரு பாடமாயிற்றே!

கடை தெரிந்த பிள்ளையைக் கடைக்காரனாக உட்கார வையுங்கள். 35 ரூபாய்ச் சரக்குக்கு நூறு ரூபாய் நீட்டினால் அவன் கழிப்பதில்லை. ஐந்து சேர்த்து நாற்பது, அறுபது சேர்த்து நூறு என்று ஏறிப் போகிறான். அந்த வழியை அப்படியே கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் கழித்தலையும் போட்டுக் காட்டவேண்டும். இரண்டும் 65 என்று கண்டால் அவனுக்குப் பள்ளிக்கூடம் அந்நியமாக இராது.

பெரிய வகுப்புக்கும் காசு உதவும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். விளிம்பில் மைப்புள்ளி வைத்து ஒரு முழுச் சுற்று உருட்டினால் சுமார் 85 மில்லிமீட்டர் ஓடும். வகுத்தால் மூன்றுக்குச் சற்று அதிகம். ஒரு ரூபாயை உருட்டினாலும் அதே விடைதான். ‘பை’ என்பது பூச்சாண்டியல்ல என்று பையன் தன் கையாலேயே தெரிந்துகொள்வான். இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு மூலையும் 150 டிகிரி.

பூகோளமும் உண்டு. ஆண்டுக்குக் கீழே நட்சத்திரமிருந்தால் ஹைதராபாத், வட்டப்புள்ளியிருந்தால் நொய்டா, சாய்சதுரமிருந்தால் மும்பை, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு தேடலாம்.

காசுக்கு எங்கே போவது? பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் பக்கத்தில் ஒரு புரளி கிளம்பிற்று. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தும், கடைக்காரருக்குப் பயந்து டப்பாவில் போட்டுவைத்த வீடுகள் பல. அந்த டப்பாவை அப்படியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமே!