கரை ஒன்று, கொடிகள் மூன்று!

பெர்லின் நகரை 1945-இல் நான்கு வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்டன. 1961-இல் சுவர் எழுந்தது, 1989-இல் வீழ்ந்தது. அதுபற்றிப் பேசாத மேடை இல்லை, எழுதாத ஏடில்லை. ஆனால், தோழர்களே, நம் காலடியிலேயே கூறுபோடப்பட்ட ஒரு கரை உண்டு. அதன் கதையை அறிந்தோர் எத்துணைப் பேர்?

மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம், தெற்கே சதுரங்கப்பட்டினம், மேற்கே செங்கற்பட்டு. மூன்றும் மாட்டுவண்டிப் பயணத் தொலைவே. 1751-ஆம் ஆண்டின் முடிவில் கோவளத்திலும் செங்கற்பட்டிலும் பிரெஞ்சுக்காரர் காவல். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. சற்று வடக்கே சென்னையில் ஆங்கிலேயர். அந்தச் சென்னையும் 1746-இல் பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்து, 1749-இல் திரும்பிய ஊர். எதற்கு ஈடாகத் திரும்பியது தெரியுமா? வட அமெரிக்காவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டைக்கு ஈடாக! ஐரோப்பாவில் ஒரு மேசைமீது மாற்றுச் சரக்காக வைக்கப்பட்டது நம் தலைநகர்.

கோவளம் போன விதத்தைக் கம்பெனியாரின் வரலாற்றாசிரியர் ஆர்ம் எழுதிவைத்திருக்கிறார். 1750-இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கடலில் நின்று அபயக்குறி காட்டுகிறது. கப்பலில் ஸ்கர்வி நோய், பலர் மாண்டனர், எஞ்சியோரைக் கரையேற்றுங்கள் என்கிறார்கள். நவாபின் கோட்டைத் தலைவன் இரங்குகிறான். மெலிந்து வாடிய முப்பது பேர் உள்ளே வருகின்றனர், ஆடைக்குள் ஆயுதத்தோடு. அன்றிரவே கோட்டை அவர்களுடையது. இரக்கத்துக்குக் கிடைத்த பரிசு அது!

1752-இல் கிளைவ் வந்தான். அவனுடன் வந்த புதுப்பட்டாளத்தார் துப்பாக்கி ஓசை கேட்டு ஓடியதும், ஒருவன் கிணற்றுக்குள் ஒளிந்திருந்ததும் அதே ஏட்டில் உண்டு. பள்ளிப் பாடங்கள் கிணற்றை விட்டுவிட்டுக் கிளைவின் வீரத்தை மட்டும் ஓதும். கோவளம் பணிந்தது, அதன் கோட்டை தகர்க்கப்பட்டது. உதவிக்கு வந்த செங்கற்பட்டுப் படை வழியில் மடக்கப்பட்டது. கொளவாய் ஏரியும் சதுப்பு நிலமும் அரணாக நின்ற செங்கற்பட்டுக் கோட்டையும் சரணடைந்தது.

வெள்ளையரை மட்டும் ஏசிவிட்டுப் போவது எளிது. வழி திறந்துவிட்டவர் யார்? ஆர்க்காட்டு நாற்காலிக்காகச் சந்தாசாகிபு ஒருபுறம், முகமதலி மறுபுறம். ஒருவர் பிரெஞ்சுத் துப்பாக்கியை அழைத்தார். மற்றவர் ஆங்கிலப் பீரங்கியை அழைத்தார். உள்வீட்டுச் சண்டைக்கு வெளியாளைத் துணைக்குக் கூப்பிட்டவர்களின் கணக்கை நாம் கண்மூடிக் கடக்கலாகாது.

1754 சனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மாநாடு நடந்தது. நடுநிலை இடமாம், டச்சுக்காரர் ஊர்! ஆங்கிலத் தூதரும் பிரெஞ்சுத் தூதரும் எதிரெதிரே அமர்ந்தனர். கருநாடகம் யாருக்கு என்பது வழக்கு. இவர்கள் முகமதலிக்கான பட்டயங்களைச் சொல்ல, அவர்கள் தில்லிப் பாதுசாவின் கடிதத்தைக் காட்ட, அது போலி என்று இவர்கள் சாற்ற, பேச்சு முறிந்தது. நாட்கணக்கில் நடந்த அந்த வழக்கில் இந்நிலத்தை உழுதவனோ, அவ்வூரில் துணி நெய்தவனோ சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. டச்சுக்காரரின் நடுநிலையும் துணி வாணிபம் தடையின்றி நடக்கும் அளவுக்குத்தான்.

பிறகு நடந்தது என்ன? வென்ற முகமதலி, 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி அதை அவருக்கே குத்தகைக்கு விட்டது! தன் வீட்டைத் தானே வாடகைக்கு எடுத்த நவாபு! அக்குத்தகைப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டுமா? ஏரிப்பாசன வயல்களிலிருந்துதான். 1768-இலும் 1780-இலும் ஐதரின் குதிரைப்படை அவ்வயல்களை மிதித்துச் சென்றது. 1780-இல் பெய்லியின் படை அழிந்தபின், மன்றோ ஓடிவந்து ஒதுங்கிய இடமும் செங்கற்பட்டே. ஆங்கிலப் படைக்குக் கோட்டை புகலிடமாயிற்று. ஊரைவிட்டு ஓடிய குடியானவனுக்கு எந்தக் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. 1782-இல் சதுரங்கப்பட்டினக் கடலில் சுப்ரெனும் ஹியூசும் கப்பல்களை மோதவிட்டனர். 1824 உடன்படிக்கைக்குப்பின் டச்சுக்காரர் அகன்றனர்.

2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. அதன் பழைய கோட்டையை ஊடறுத்து இருப்புப்பாதை ஓடுகிறது. மாமல்லபுரம் செல்லும் தோழர்கள் அடுத்தமுறை சிற்பங்களோடு திரும்பிவிடாமல், தெற்கே சதுரங்கப்பட்டினம்வரை போய்வாருங்கள். டச்சுக்காரர் கல்லறைகளைக் காண்பீர்கள். கற்களில் பெயரும் ஆண்டும் அழகுறப் பொறித்திருக்கும். அவர்களுக்குத் துணி நெய்து கொடுத்தவரின் பெயர் ஏதேனும் அங்கே தென்படுகிறதா என்று தேடிப்பாருங்கள்.